பால்காரரும் ஏழாம் எண் இலையும்

என் அத்தான் வாழ்நாளில் ஒரு மாடு வைத்திருந்ததில்லை. பாலைக் குடிக்கவும் மாட்டார், டீயைக்கூடக் கருப்பாகத்தான் குடிப்பார். ஆனாலும் வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயர் பால்காரர். எதிரில் "சூப்பர்வைசர் சார்", முதுகுக்குப் பின்னால் "பால்காரர்". நான் அவர் மனைவியின் தம்பி என்பதால் சேர்ந்த புதிதில் என் காதுபட யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நாள் நானே வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதோடு அந்தச் சங்கடமும் தீர்ந்தது.

நாங்கள் வேலை பார்த்தது தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில். மூன்று கூடங்கள். மூன்றாவதுதான் பெரியது: நாற்பது வரிசை, வரிசைக்கு நூறு செடி. ஒவ்வொன்றும் மேலிருந்து தொங்கும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். வாரம் ஒரு முறை பக்கக் கிளைகளைக் கிள்ளவேண்டும். கிள்ளக் கிள்ள விரல் பச்சையாகி, மத்தியானத்துக்குள் கறுத்துப்போகும். ஒரு செடியைத் தொட்ட கைதான் அடுத்ததையும் தொடுகிறது. ஆகவே அத்தானுக்கு ராப்பகலாக எங்கள் கைகளைப் பற்றித்தான் கவலை.

எல்லோருக்கும் முந்தின பஸ்ஸில் வந்து, காலை ஏழு மணிக்கு மூன்றாம் கூடத்தின் வாசலில் ஒரு மேஜை போட்டு, அதன்மேல் இரண்டு தொட்டிகள் வைத்திருப்பார். முதல் தொட்டியில் சோப்புத் தண்ணீர். இரண்டாவதில் கரைத்த பால் பவுடர். பாலில் கை வைத்தால் செடிக்கு வரும் வைரஸ் செயலிழந்துவிடும் என்று எங்கோ பயிற்சிக்குப் போனபோது கற்றுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. கையை மணிக்கட்டு வரை முக்கவேண்டும். அவர் முப்பது எண்ணுவார். அவர் எண்ணுகிற வேகத்தில் முப்பது வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பிறகு துடைக்கவும் கூடாது, அப்படியே காயவிட வேண்டும். ஆகையால் தினமும் காலையில் பத்துப் பேர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வங்கிக் கொள்ளையில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி வரிசையாக உள்ளே போவோம்.

வாசலுக்கு மேலே அவர் கையால் எழுதிய பலகை ஒன்று உண்டு. "புகை பிடிப்பவர்களுக்கு இங்கே வேலை இல்லை. பிடிபட்டால் அன்றே கடைசி நாள்." சும்மா பயமுறுத்த எழுதியதல்ல. போன வருடம் ஒரு வேன் டிரைவரின் மேல்பையில் பாதி பீடி இருந்தது. அவர் அதைப் பற்றவைக்கக்கூட இல்லை. அன்றே அனுப்பிவிட்டார். அனுப்புவதற்கென்று ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருந்தார்: தேதி, பெயர், காரணம், கீழே சூப்பர்வைசர் கையெழுத்து.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததே அக்கா கெஞ்சியதால்தான். முப்பத்து நான்கு வயதில் இரண்டு வேலைகளைத் தொலைத்துவிட்டு அக்கா வீட்டு முன்னறையில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இவன் சிகரெட் குடிப்பான்" என்றார் அத்தான். "விட்டுருவான்" என்றாள் அக்கா. என்னை யாரும் கேட்கவில்லை. விட்டேன். அதற்கப்புறம் எட்டு மாதமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தான் முதலில் என் சட்டைக் காலரை மோந்து பார்ப்பார், பிறகுதான் "வா மச்சான்" என்பார்.

இவ்வளவு கெடுபிடிக்காரருக்கு இரண்டு விசித்திரங்கள் உண்டு. ஒன்று, மூக்குக் கண்ணாடி போடாத அந்த மனுஷன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்திருப்பார். கேட்டால், "நாப்பது தாண்டியாச்சு, எப்ப வேணா தேவைப்படும்" என்பார். இரண்டு, தும்மல். கூடத்துக்கு இரட்டைக் கதவு. பூச்சி நுழையாமல் இருக்க, முதல் கதவை மூடிவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்கவேண்டும். நடுவில் ஒரு சின்ன அறை. எங்களை எல்லாம் உள்ளே அனுப்பிவிட்டு அவர் கடைசியாக வருவார். ஒவ்வொரு நாளும் அந்த அறையிலிருந்து மூன்று தும்மல் கேட்கும். சிவந்த கண்ணோடு பழுப்பு நிறக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வருவார். "பால் பவுடர். மூக்குக்கு ஒத்துக்கல" என்பார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததைக்கூடச் செடிக்காகத் தாங்கிக்கொள்கிறாரே என்று நான் உருகிப்போயிருக்கிறேன்.

உள்ளே வந்ததும் முதல் வரிசையிலிருந்து நாற்பதாவது வரிசை வரை நடப்பார். ஒவ்வொரு வரிசையிலும் முதல் செடியின் இளந்தளிரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லப் பிடித்து, "என்ன, நல்லாத் தூங்குனியா?" என்று கேட்பார். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

செடிகளுக்கு நோய் வந்ததை முதலில் பார்த்தவள் ரேடியோ. கிளை கிள்ளுகிறவர்களில் மூத்தவள். வாயை மூடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். ஆனால் கண் கூர்மை.

"சார், இங்க வாங்க. இந்த இலைக்கு யாரோ பெயின்ட் அடிச்சு பாதியில எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு."

அத்தான் வந்தார். இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன. மேலே வந்த புது இலைகள் அகலமாக விரியாமல் நாடா மாதிரி சுருங்கியிருந்தன. அவர் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தக்காளிப் பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேயறைந்த முகம் என்பார்களே, அன்றுதான் பார்த்தேன்.

"தேமல்" என்றார். "நம்ம கூடத்துல. என் கூடத்துல."

மத்தியானத்துக்குள் நோய் கண்ட செடி ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டச் சொன்னார். அறுபத்தோரு நாடா. பிறகு ஒரு பெரிய தாளில் நாற்பது கோடு போட்டு, எங்கெங்கே நாடா என்று புள்ளி வைத்தார். வைத்து முடித்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லா வரிசையிலும் முதல் செடி. சில வரிசைகளில் மட்டும் முதல் செடியிலிருந்து இரண்டாவது மூன்றாவதுக்குப் பரவியிருந்தது.

"வரிசை முனையில கை வைக்கிறவன் எவனோ, அவன்தான் கொண்டு வந்திருக்கான்" என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார்.

வரிசை முனையில் நிற்பவன் நான். பறித்த பழங்களை வண்டியில் ஏற்றித் தள்ளுவது என் வேலை. பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. அத்தான் தலை கடைசியாகத் திரும்பியது.

முதலாளியம்மா வந்தார். நல்ல மனுஷி, ஆனால் எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார். அன்றைக்கும் "பாத்துக்கலாம்" என்றுதான் ஆரம்பித்தார். அறுபத்தோரு நாடாவையும் பார்த்த பிறகு, "டாக்டரக் கூப்பிடுங்க" என்றார்.

செடிகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்தப் பெண்ணை நாங்கள் செடி டாக்டர் என்போம். உயரமாக, பொறுமையாக, எங்களை எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நினைத்துப் பேசுகிறவர். அலுவலக அறையில் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்:

"இது ஒரு வைரஸ் இல்லைங்க, ஒரு குடும்பம். புகையிலைக்கு வர்றது, தக்காளிக்கு வர்றது, மிளகாய்க்கு வர்றது எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தம். ஒரே சாயல். சின்னக் கோல் மாதிரி இருக்கும். உள்ளே ஒரே ஒரு ஆர்.என்.ஏ. இழை, மேல புரதத்துல ஒரு சட்டை. அவ்வளவுதான் அதோட சொத்து."

"குடும்பம்னா மொத்தம் எத்தன பேரு?" என்று ரேடியோ கேட்டாள்.

"அதை விடுங்க. அதுக்குக் காலும் இல்ல, ரெக்கையும் இல்ல. இந்தத் தேமல் வைரஸுக்கு ஒரு பூச்சிகூட வேண்டாம். நம்ம கைதான் அதுக்கு பஸ்ஸு. கத்தி, கயிறு, சட்டை எதுல வேணா ஏறி வரும். காஞ்ச புகையிலையில வருஷக்கணக்கா உயிரோட காத்துக்கிட்டு இருக்கும்."

"வேண்டாத சொந்தக்காரங்க மாதிரி" என்றாள் ரேடியோ. என்னைப் பார்த்துத்தான் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. நான் சாப்பிட உட்கார்ந்தேன், அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"நேரா கேக்குறேன் மச்சான். குடிச்சியா?"

"இல்ல அத்தான்."

"சத்தியமா?"

"சாப்பிட விடுங்க அவன" என்றாள் அக்கா. "எட்டு மாசமா அவன் வாயில பல்குச்சிகூட வச்சதில்ல."

அக்கா பாவம். ஐந்து வாரத்துக்கு முன்னால், மழைக்குப் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கியபோது, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு சிகரெட் நீட்டினார். மழை, குளிர், தனிமை என்று காரணத்துக்கா பஞ்சம்? பாதி குடித்துவிட்டுப் பயத்தில் தூக்கிப் போட்டேன். அந்தப் பாதிதான் நான்காயிரம் செடிக்கும் எமனாக வந்து நிற்கிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வேலை போனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? மறுபடியும் பாயைச் சுருட்டிக்கொண்டு எந்த வீட்டு முன்னறைக்குப் போவேன்? தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அக்காவின் மிளகாய்ச் செடி பக்கத்தில் நின்றேன். மூன்று வருடமாக அக்கா வைக்காத மிளகாய்ச் செடி இல்லை. எதுவும் உருப்பட்டதில்லை. இலையெல்லாம் சுருண்டு, ஒரு பிஞ்சு வைப்பதற்குள் போய்விடும். மண் சரியில்லை என்பார் அத்தான்.

யார் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்கச் செடி டாக்டரிடம் ஒரு வழி இருந்தது. புகையிலைக்கு உறவுக்காரச் செடி ஒன்று உண்டு. ஒருவர் கை கழுவிய நீரை அதன் இலையில் லேசாகத் தேய்த்துவிட்டால், நீரில் அந்த வைரஸ் இருக்கும் பட்சத்தில் அது நுழைந்த இடங்களிலெல்லாம் இரண்டு மூன்று நாளில் பழுப்புப் புள்ளி விழும். இல்லையென்றால் இலை சுத்தமாக இருக்கும். ஆளுக்கு ஓர் இலை.

அத்தான் இதைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். முழு ஏற்பாட்டையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். கூடத்தில் வேலை செய்த கையில் எல்லோருக்கும்தான் வைரஸ் இருக்கும் என்று டாக்டர் சொன்னதால், கூடத்தைப் பூட்டி எங்களை இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். மூன்றாம் நாள் காலையில், சோப்பும் பாலும் படுவதற்கு முன், கேட்டிலேயே நிறுத்தி ஆளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீரில் கையை அலசச் சொன்னார்.

"யாரோட கிண்ணம் எந்த நம்பர்னு டாக்டருக்கும் தெரியக் கூடாது, முதலாளிக்கும் தெரியக் கூடாது. நம்பர் நான் ஒட்டுறேன். லிஸ்ட்டு என் நோட்டுல இருக்கும். என் மச்சானா இருந்தாலும் பாரபட்சம் கிடையாது." கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார்.

பத்துப் பேரும் அலசினோம். பதினொன்றாவதாக அவரே சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கிண்ணத்தில் எப்படிக் கை அலசுவது என்று எங்களுக்குச் செய்து காட்டுவதுபோல நிதானமாக அலசினார். டாக்டர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"பீடி, சிகரெட்டுன்னு மட்டும் இல்லைங்க. மெல்லுற புகையிலை, மூக்குப்பொடி, எதுல வேணா வரலாம். பொடி போடுறவங்க விரல் நுனியிலதான் ரொம்ப இருக்கும்."

அத்தானின் கை கிண்ணத்துக்குள் நின்றது.

"மூக்குப்பொடி மருந்து இல்லையா டாக்டர்? தலைவலிக்குப் போடுவாங்களே? சும்மா, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

"மருந்தா? புகையிலையை இடிச்சா பொடி. அவ்வளவுதான்."

அத்தான் கையை வெளியே எடுத்தார். பதினொரு கிண்ணங்களையும் தட்டில் வைத்துக்கொண்டு, எண் ஒட்டுவதற்காக அந்த இரட்டைக் கதவு அறைக்குள் தனியாகப் போனார். அன்றைக்குத் தும்மல் சத்தம் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

டாக்டர் பதினொரு இலைகளில் தேய்த்து, எண் கட்டி, தொட்டிகளை அலுவலக ஜன்னலோரம் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். மூன்று நாள். மனிதனைக் கொல்ல அந்த மூன்று நாளே போதும். நான் தூங்கவில்லை. அத்தானும் தூங்கவில்லை. தலைவலி என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டார், அக்காவிடம் எரிந்து விழுந்தார், என் காலரை மோந்து பார்க்கவே மறந்துபோனார். ஒரு தும்மல்கூட இல்லை. பால் தொட்டிக்குப் போகாததால் மூக்கு குணமாகிவிட்டது என்று நினைத்தேன். நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று பாருங்கள்.

நான்காம் நாள் காலை எல்லோரும் அலுவலக அறையில் நின்றோம். டாக்டர் ஜன்னல் திரையை விலக்கினார். பத்து இலைகள் பளிச்சென்று பச்சையாக இருந்தன. ஓர் இலையில் மட்டும் குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளிகள். ஒன்று இரண்டல்ல, இலை முழுக்க.

"ஏழு" என்றார் டாக்டர்.

"ஏழு யாரு?" என்றார் முதலாளியம்மா.

அத்தான் நோட்டை வெளியே எடுத்தார். பிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மனைவியின் தம்பியைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் அந்த மனுஷன் தவிக்கிறார் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருட நேர்மைக்கு என்னால் சோதனை வருவதா? எனக்கே தெரியாமல் ஒரு தியாகம் என் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது.

"நான்தாம்மா! பஸ் ஸ்டாப்புல. மழை. ஒண்ணே ஒண்ணு. அதுவும் பாதிதான்!"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக, யாரும் கேட்காததையெல்லாம் சொன்னேன். சிகரெட்டின் பெயரைக்கூடச் சொன்னேன். ரேடியோ "நெனச்சேன்" என்றாள். முதலாளியம்மா பெருமூச்சு விட்டார். "சரி, ஒத்துக்கிட்டான். பாத்துக்கலாம்" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார். வழக்கு முடிந்தது. அத்தான் நோட்டைப் பைக்குள் வைத்தாலே போதும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை.

அத்தான் நோட்டைப் பிரித்தார்.

"ஏழு, நான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. டாக்டர் எட்டி வாங்கிப் பார்த்தார். ஏழு என்ற எண்ணுக்கு நேராக அவர் பெயர், அவருடைய அந்த அழகான கையெழுத்தில் இருந்தது. என் எண் நான்கு. நான்காம் இலை குழந்தை மாதிரி சுத்தமாக இருந்தது. அத்தான் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடிப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு சின்னத் தகர டப்பா. ஓரமெல்லாம் பொடி.

"காலையில பஸ் இறங்கி நடக்கும்போது ஒண்ணு. அந்த ரெட்டைக் கதவு ரூம்புல ஒண்ணு, பால்ல கை வச்ச பிறகு" என்றார். "மருந்துன்னு நெனச்சேன். புகை வந்தாத்தான் புகையிலைன்னு நெனச்சேன். பொடி போட்ட அதே ரெண்டு விரலால வரிசை வரிசையா முதல் செடியத் தொட்டு நல்லாத் தூங்குனியான்னு கேட்டிருக்கேன்." குரல் உடைந்துவிட்டது.

"வேலியே பயிர மேஞ்சிருக்கு" என்று ரேடியோ முணுமுணுத்தாள். ஆனால் அவள் மனசு நல்லது. உடனே, "சார், பலகையில புகைன்னுதான் போட்டிருக்கு. பொடின்னு இல்லையே. உங்களுக்கு அது பொருந்தாது" என்றாள்.

"பலகைய எழுதுனவனுக்குத் தெரியாதா, எதுக்கு எழுதுனான்னு?"

"விடுங்க, தெரியாம நடந்ததுதானே. இனிமே போடாதீங்க" என்றார் முதலாளியம்மா.

"அந்த வேன் டிரைவர அனுப்புனப்ப இனிமே குடிக்காதேன்னா சொன்னோம்?" என்று அத்தான் கேட்டார்.

அத்தான் மேஜை இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்தார். தேதி எழுதினார். பெயர் எழுதினார். காரணம்: புகையிலை. கீழே சூப்பர்வைசர் கையெழுத்து என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, கிழித்து, தனக்குத்தானே கொடுத்து, தானே வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன் யார்மேலும் வந்ததில்லை. கண் கலங்கி, "அத்தான்..." என்று பக்கத்தில் போனேன்.

அவர் அடுத்த சீட்டை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"அத்தான்! என் இலை சுத்தமா இருக்கு!"

"பலகை இலையப் பத்திப் பேசல மச்சான். புகையப் பத்திப் பேசுது."

"பாதிதான் அத்தான்!"

"எழுதியிருக்கேன் பாரு. காரணம்: சிகரெட், பாதி."

பத்தரை மணி பஸ்ஸில் அவ்வளவாகக் கூட்டமில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில், ஆளுக்கு ஒரு சீட்டோடு உட்கார்ந்து வந்தோம். பாதி வழியில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "நான் உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன்" என்றேன். "தெரியும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த ரூம்புல பதினொரு கிண்ணமும் என் கையில இருந்துச்சு மச்சான். மாத்தி ஒட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கையில எடுத்தும் பாத்தேன். உன் கிண்ணத்ததான் எடுத்தேன்" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். என் கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு வீட்டு ஆண்கள் இருவரும் வாசலில் நின்றால் எந்தப் பெண்ணும் முதலில் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பாள். அக்கா ஒரு சீட்டை வாங்கிப் படித்தாள். இன்னொன்றையும் வாங்கிப் படித்தாள். அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். பொடி, டப்பா, விரல், செடி, வைரஸ் குடும்பம், ஒன்று விடாமல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மிளகாய்க்கும் வரும்னா சொன்னாங்க?"

"வரும்."

"அப்ப மூணு வருஷமா என் மிளகாய்ச் செடியக் கொன்னது நீங்கதானா? தினமும் மாடிக்குப் போயி அதுகளக் கொஞ்சினீங்களே! மண்ணு சரியில்லன்னு ஆறு தடவ மண்ணு மாத்த வச்சீங்களே! எவ்வளவு மண்ணு சுமந்தேன் நான்!"

வேலை போனதற்கு அவள் கோபப்படவில்லை. என் பாதி சிகரெட்டைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. மிளகாய்க்காக அரை மணி நேரம் வாங்கு வாங்கு என்று வாங்கினாள். அத்தான் ஆப்பசைத்த குரங்காக உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்:

"உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவியேன்னுதான் பதினெட்டு வருஷமா மறைச்சேன்."

அக்கா அவரைப் பார்த்தாள்.

"யாரு மறைச்சது? உங்களுக்குக் கைக்குட்டை வாங்குறது யாரு?"

"நீதான்."

"பதினெட்டு வருஷமா ஒரே பழுப்புக் கலர்ல வாங்குறேனே, எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? வெள்ளையில வாங்குனா கறை தெரியும். வெளியில நாலு பேர் முன்னாடி எடுக்கும்போது உங்களுக்குத்தானே அசிங்கம்."

அத்தான் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். ஊரார் கையையெல்லாம் இருபத்திரண்டு வருடம் சோதித்த மனுஷன் தன் கையில் இருந்த துணியின் நிறத்தைப் பார்க்கவில்லை. நான் டப்பாவை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டேன். அக்கா எங்கள் இருவர் கையிலும் சொம்புப் பாலை ஊற்றிவிட்டுத்தான் மாடிக்குப் போகும் கதவைத் திறந்தாள்.

மூன்றாம் கூடத்தில் நாடா கட்டிய செடிகளையும் அவற்றின் பக்கத்துச் செடிகளையும் பிடுங்கி எரித்துவிட்டார்கள். மிச்சம் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. நாற்பத்து மூன்று நாள் கழித்து முதலாளியம்மா போன் செய்தார். "பாத்துக்கலாம்னு நெனச்சேன், பாத்துக்க முடியல. ரெண்டு பேரும் வாங்க" என்றார். அந்த வேன் டிரைவரையும் கூப்பிட்டால்தான் வருவேன் என்றார் அத்தான். அவரையும் கூப்பிட்டார்கள். வந்த முதல் நாளே அத்தான் ஏணி போட்டு ஏறி, பலகையில் "புகை" என்பதை அழித்துவிட்டு, எந்த உருவத்திலும் புகையிலை கூடாது என்று எழுதினார். கை சோதிக்கும் வேலையை ரேடியோவிடம் கொடுத்துவிட்டார். அவள் முப்பது எண்ணுவதற்குள் ஊர்க்கதை முழுவதும் சொல்லி முடித்துவிடுகிறாள். வரிசை முனைகளில் நின்று இப்போதும் "நல்லாத் தூங்குனியா?" என்று கேட்கிறார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

வேலைக்குக் கிளம்பிய அந்த முதல் நாள் காலை அக்கா அவர் சட்டைப் பையில் புதுக் கைக்குட்டை ஒன்றை மடித்து வைத்தாள். அத்தான் அதை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தார், மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அது வெள்ளை.